பேனிக் அட்டாக்கும் சைக்காலஜிஸ்ட் அறையும்: உள்ளே என்னதான் நடக்கும்?

திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது, செத்தே போய்விடுவோம் என்று தோன்றுகிறது. பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஈசிஜி நார்மல், தைராய்டு நார்மல், ரத்தசோகையும் இல்லை. இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் டாக்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பாருங்கள் என்று சீட்டு எழுதித் தருகிறார். அந்தச் சீட்டை மாதக்கணக்கில் பர்ஸிலேயே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படி வைத்திருக்காதீர்கள், ஏனென்றால் பேனிக் அட்டாக் எனப்படும் இந்தத் திடீர் பயத் தாக்குதல் நன்றாகவே குணமாகக்கூடியது.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார், அது மனநல டாக்டரான சைக்யாட்ரிஸ்ட் வேலை. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதல் நாளில் பெரும்பாலும் கேள்விகள்தான். எப்போது ஆரம்பித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தூக்கம் எப்படி, காபி எத்தனை, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று முக்கால் மணி நேரம் ஓடிவிடும். தற்கொலை எண்ணம் உண்டா என்றும் நேராகவே கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள் கொண்ட, பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 தாளை நிரப்பச் சொல்லலாம், மொத்தம் 21 மதிப்பெண். நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்லக்கூடாது, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே அதைச் சொல்கிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைமைகள் மட்டும் விதிவிலக்கு.

அறிவுரை ஒன்றும் சொல்லவில்லையே என்று பலர் இரண்டாம் முறை போவதில்லை. ஆனால் அந்தக் கேள்விகளை வைத்துத்தான் பயமும் உடம்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும் உங்களுடைய சுழலை அவர் பேப்பரில் வரைகிறார். 1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் விளக்கிய சுழல் அது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது, அதனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது. அதை நாம் ஹார்ட் அட்டாக் என்று எடுத்துக்கொள்ள, அட்ரினலின் இன்னும் ஏறி, மூச்சு இன்னும் வேகமாகிறது. பயத்துக்கு முன்னெச்சரிக்கையாகத் தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்பாதது, பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கமே உட்கார்வது எல்லாம் சுழலை உடைப்பதில்லை. பாட்டில் இருந்ததால்தான் தப்பித்தேன் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது.

சில அமர்வுகள் கழித்து வருவதுதான் முக்கியமான கட்டம். இதயநோய், வலிப்பு, ஆஸ்துமா, கர்ப்பம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடச் சொல்வார். அதற்கு முன் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்பதை எழுத வேண்டும்: "மயங்கி விழுவேன், 80 சதவீதம் நிச்சயம்." அப்புறம் அவரும் சேர்ந்தே மூச்சு வாங்குவார். தலை சுற்றும், விரல் மரக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், எல்லாம் வரும். ஆனால் விழ மாட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கும். உடனே 80ஐ அடித்துவிட்டுப் புது எண் எழுதுவீர்கள். அடுத்த முறை சுழல் நாற்காலியில் சுற்றுவது, ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடுவது.

அறைக்குள் நடப்பது கொஞ்சம்தான், மீதி வீட்டுப்பாடம். பாட்டில் இல்லாமல் இரண்டு ஸ்டாப் பஸ்ஸில் போய்வந்து நோட்டில் எழுத வேண்டும். முதல் சில வாரம் பயம் கூடுவதாகவே தோன்றலாம், அதை மறைக்காமல் சொன்னால் பயிற்சியின் அடுத்த படியைச் சின்னதாக்குவார். வாரம் ஒருமுறை, பத்துப் பன்னிரண்டு அமர்வுகள் என்பது வழக்கமான அளவு. நடுநடுவே அதே ஏழு கேள்விகள் திரும்ப வரும், மதிப்பெண் இறங்குகிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம். இறங்கவே இல்லையென்றால் வழியை மாற்றுவார், அல்லது சைக்யாட்ரிஸ்டிடம் அனுப்புவார். மாத்திரையும் தெரபியும் சேர்ந்தே போகலாம்.