கால விரிவாக்கம் அன்று, கால நீட்சி

அண்மையில் ஒரு கல்லூரி மாணவர், “கால விரிவாக்கம் என்பது அண்டம் விரிவதால் ஏற்படுவதுதானே?” என்று என்னிடம் கேட்டார். பிழை அவருடையதன்று. 1905இல் ஐன்ஸ்டைன் வகுத்த சிறப்புச் சார்பியல் கோட்பாட்டின்படி, விரைந்து செல்லும் கடிகாரம் நம் அளவீட்டில் மெதுவாக ஓடும். ஆங்கிலத்தில் ‘டைம் டைலேஷன்’ எனப்படும் இவ்விளைவுக்கு நாம் இப்படியொரு பெயரைச் சூட்டினால், படிப்பவர் அவ்வாறுதான் எண்ணுவார்.

மூலச்சொல்லான டைலேஷன், அகலம் என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது. கண்ணின் பாவை அகல்வதையும் அச்சொல் குறிக்கும். அங்கே ‘விரிவு’ முற்றிலும் பொருந்தும். காலத்துக்கு அகலம் ஏது? தமிழில் பொழுது நீளும், குறுகும். ‘நெடுநேரம்’, ‘நீண்ட நாள்’ என்கிறோமே தவிர, ‘விரிந்த நேரம்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘விரிவாக்கம்’ இன்னும் மோசம். சாலை விரிவாக்கம், அமைச்சரவை விரிவாக்கம் என, யாரோ முனைந்து செய்யும் செயலையே அது குறிக்கிறது. இங்கே காலத்தை எவரும் எதுவும் செய்வதில்லை. விரையும் கடிகாரம் தன்னுடன் பயணிப்பவருக்கு வழக்கம்போலவே ஓடுகிறது. நம்மைப் பொறுத்து அது நகர்வதால், அதன் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் நம் அளவீட்டில் நீள்கிறது. ஒளியின் வேகத்தில் 60 விழுக்காட்டில் செல்லும் கலத்தில் கழியும் 4 நொடி, நமக்கு 5 நொடி. கலத்தில் இருப்பவரும் நம் கடிகாரத்தைப் பற்றி இதையே சொல்வார். இருவர் கூற்றும் சரியே.

ஓய்வில் ஏறத்தாழ 2.2 மைக்ரோநொடியே சிதையாமல் இருக்கும் சராசரி வாழ்நாள் கொண்ட மியூவான் என்னும் நுண்துகள்களை, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் ஒளிவேகத்தின் 99.94 விழுக்காட்டில் வளையத்தில் சுற்றவிட்டபோது, அவை சராசரியாக 64 மைக்ரோநொடி வாழ்ந்ததாக 1977இல் அறிவித்தனர். அவற்றின் வாழ்நாள் விரிந்தது என்று எழுத யாருக்கேனும் மனம் வருமா? நீண்டது என்றே கை எழுதும். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர்கள், எது வளர்கிறது, எந்தத் திசையில் வளர்கிறது என்று ஒரு கணம் கேட்டிருந்தால் இக்குழப்பமே நேர்ந்திராது.

‘நீளச் சுருக்கம்’ என்னும் உடன்பிறந்த விளைவுக்கு ‘விரிவு’தான் ஏற்ற இணை என்று சிலர் வாதிடுவர். சுருங்குவது இயங்கும் பொருளின் நீளம். நீள்வதோ இரு நிகழ்வுகளுக்கு இடையிலான காலம். ஒரே பொருளின் இரு நிலைகள் அல்லாதவற்றுக்கு எதிர்ச்சொற்கள் எதற்கு?

‘கால நீட்டிப்பு’ என்பதும் ஆகாது. அது விண்ணப்பம் அளிக்கவோ வரி செலுத்தவோ அரசு தரும் கூடுதல் அவகாசம். தவிர, நீட்டிப்பு பிறவினையிலிருந்து பிறந்தது. ஆள் என்பதிலிருந்து ஆட்சியும் மீள் என்பதிலிருந்து மீட்சியும் வருவதுபோல, நீள் என்னும் தன்வினையிலிருந்து இயல்பாக வருவது ‘நீட்சி’. கடிகாரம் அளப்பது நேரம் என்பதால் ‘நேர நீட்சி’யே இன்னும் துல்லியம் எனலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் காலத்தையும் வெளியையும் ஒன்றாகக் குறிக்கும் ‘காலவெளி’ என்னும் சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால், அதனோடு ஒத்துச் செல்லும் ‘கால நீட்சி’யையே நான் எழுதுகிறேன்.