பெப்டைடு: செரிமானத்தில் பிறந்து தொகுப்பில் வளர்ந்த சொல்

இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ ஆன அமினோ அமிலங்கள் வரிசையாகப் பிணைந்து உருவாகும் சேர்மத்துக்குப் பெப்டைடு என்று பெயர். ஓர் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியும் அடுத்ததன் அமினோ தொகுதியும் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அந்த இடத்தில் உண்டாகும் பிணைப்பே பெப்டைடுப் பிணைப்பு. இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்தால் இரு பெப்டைடு, மூன்று சேர்ந்தால் முப்பெப்டைடு, பல சேர்ந்தால் பாலிபெப்டைடு. புரதம் என்று நாம் சொல்வதும் நீண்டு, குறிப்பிட்ட வடிவில் மடிந்த பாலிபெப்டைடுதான். எந்த நீளத்துக்குமேல் ஒரு தொடரைப் புரதம் என்பது என்பதற்குக் கண்டிப்பான வரையறை இல்லை. ஏறத்தாழ ஐம்பது அமினோ அமிலங்களை எல்லையாகக் கொள்வது வழக்கம்.

இச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. 'பெப்டோஸ்' என்றால் சமைக்கப்பட்டது, செரிக்கப்பட்டது என்று பொருள். உணவு நெருப்பில் வேகுவதும் வயிற்றில் செரிப்பதும் ஒரே வகை மாற்றம் என்று பழங்காலக் கிரேக்கர் கருதியதால் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் போதுமானதாக இருந்தது. 1836-இல் இரைப்பையின் செரிமானப் பொருளைப் பிரித்தறிந்த தியோடர் ஷ்வான் அதற்குப் பெப்சின் என்று பெயரிட்டார். புரதம் செரித்து உடைந்த கலவை பின்னர்ப் பெப்டோன் எனப்பட்டது. இவ்வேர் இந்திய மொழிகளுக்கும் அயலானதன்று. கிரேக்கத்தில் 'பெப்-' என நிற்கும் அந்த மூல வேர் சமஸ்கிருதத்தில் 'பச்', 'பக்வ' என்றும், இலத்தீனில் 'கோக்வெரே' என்றும் நிற்கிறது. 'பக்வ' தமிழுக்கு வந்து பக்குவம் ஆயிற்று; அதே வழியில் வந்த பாகம் 'நளபாகம்' என்ற வழக்கில் வாழ்கிறது; இலத்தீன் கிளையோ ஆங்கிலத்தின் வழியாக நம் அடுப்பின் மேல் குக்கராக அமர்ந்திருக்கிறது. ஆகவே பெப்டைடும் பக்குவமும் ஒரே வேரிலிருந்து பிரிந்து வெவ்வேறு வழியில் தமிழுக்கு வந்து சேர்ந்த உறவுச் சொற்களாகும்.

பெப்டைடு என்ற பெயரை ஆக்கியவர் ஜெர்மானியக் கரிம வேதியியலர் எமில் ஃபிஷர். சர்க்கரைகளையும் பியூரின்களையும் தொகுத்தமைக்காக 1902-இல் நோபல் பரிசு பெற்ற அவர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே புரதங்களின் பக்கம் திரும்பிவிட்டார். 1901-இல் எர்னெஸ்ட் ஃபோர்னோவுடன் சேர்ந்து, கிளைசினின் வளைய வடிவச் சேர்மத்தை அமிலத்தால் பாதியளவு பிளந்து கிளைசில்கிளைசினைப் பெற்றார். இதன் கணக்கைப் பார்த்தாலே பிணைப்பின் தன்மை விளங்கும்: கிளைசினின் மூலக்கூறு எடை 75, இரண்டு கிளைசின்கள் சேர்ந்தால் 150 வர வேண்டும், ஆனால் கிளைசில்கிளைசினின் எடை 132. குறைந்த 18 என்பது வெளியேறிய நீரின் எடை. மறு ஆண்டு கார்ல்ஸ்பாத் நகரில் கூடிய ஜெர்மானிய அறிவியலாளர், மருத்துவர் மாநாட்டில், புரதங்கள் இத்தகைய பிணைப்புகளால் ஆனவை என்ற கருத்தை ஃபிஷரும் ஃபிரான்ஸ் ஹாஃப்மைஸ்டரும் ஒரே நாளில், ஒருவரையொருவர் சாராமல் முன்வைத்தனர். பெப்டோனின் முற்பகுதியையும், தாம் நெடுநாள் உழைத்த சர்க்கரைத் துறையின் 'சாக்கரைடு' என்ற பெயரின் ஈற்றையும் இணைத்து ஃபிஷர் பெப்டைடு என்ற சொல்லை அமைத்தார். டைசாக்கரைடு, டிரைசாக்கரைடு என எண்ணுப்பெயர் முன்னால் வருவதுபோல டைபெப்டைடு, டிரைபெப்டைடு என்று வரிசைப்படுத்த அது இடம் தந்தது. அச்சொல் நிலைபெற இந்த வசதி பெரிதும் உதவியது என்பது என் கருத்து.

1907-இல் பதினைந்து கிளைசின்களும் மூன்று லியூசின்களும் கொண்ட பதினெட்டுக் கண்ணித் தொடரை ஃபிஷர் உருவாக்கினார். அதன் மூலக்கூறு எடை 1213. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே சேர்த்து, இடைநிலைப் பொருள்களைத் தூய்மையாக்கி முன்னேற வேண்டிய அக்காலத்தில் இது மலைக்கத்தக்க உழைப்பு. ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஆக்சிடோசின் என்னும் ஹார்மோனை வின்சென்ட் டு விக்னோ 1953-இல் தொகுத்தார். சிறு பிசின் மணிகளில் முதற்கண்ணியைப் பொருத்தி மேலே மேலே சேர்க்கும் முறையை புரூஸ் மெரிஃபீல்டு 1963-இல் வெளியிட்ட பின் அவ்வேலை இயந்திரத்தின் கைக்கு மாறியது.

இங்கே 'சிந்தசிஸ்' என்பதற்கான தமிழ்ச் சொல்லையும் கருத வேண்டும். சேர்த்து வைத்தல் என்பது அதன் கிரேக்கப் பொருள். தொகுப்பு என்ற சொல் இதற்கு மிகப் பொருத்தமானது. தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை எனப்படுவதை இலங்கையில் ஒளித்தொகுப்பு என்று எழுதுவதும் இவ்வழக்கே. வேதியியலுக்கு இச்சொல் இன்னும் ஆழமாகப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் இலக்கணத்தில் தொகை என்பது வெறுமனே இரு சொற்கள் அருகருகே நிற்பதன்று. இடையிலுள்ள உருபு மறைந்து, இரண்டும் ஒரு சொல் போல் நடப்பது. 'பாலைக் குடித்தான்' என்பது 'பால் குடித்தான்' ஆகும்போது ஐ உருபு தொக்கு நிற்பதுபோலவே, இரு அமினோ அமிலங்களுக்கிடையே நீர் மூலக்கூறு நீங்கிப் பெப்டைடு அமைகிறது.

பெப்டைடு என்ற பெயரின் செரிமானப் பொருள் நெடுங்காலம் பழங்கதையாகவே கிடந்தது. குடற்சுவரில் பெப்டோனை அமினோ அமிலமாக உடைக்கும் நொதிப்பொருளை ஓட்டோ கோன்ஹைம் 1901-இல் கண்டறிந்ததிலிருந்து, புரதம் முழுவதும் தனித்தனி அமினோ அமிலங்களாக உடைந்த பிறகே உறிஞ்சப்படுகிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1959-1960-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் நியூவி, ஸ்மித் இருவரும் இரு பெப்டைடுகள் உடையாமலே குடற்சுவர்ச் செல்களுக்குள் நுழைய முடியும் என்பதற்குச் சான்று காட்டியபோது அவ்வெண்ணம் அசைந்தது. அடுத்து வந்த ஆய்வுகளில் வேலூருக்கும் பங்குண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஏ. என். ராதாகிருஷ்ணனும் அவருடன் பணியாற்றியோரும் 1970-களில் குரங்கின் சிறுகுடலில் இரு பெப்டைடுகள் உள்ளிழுக்கப்படும் விதத்தை ஆராய்ந்தனர். அவருடன் ஆய்வு செய்த வடிவேல் கணபதி பின்னர் அமெரிக்காவின் அகஸ்டா நகரில் ஃபிரெட்ரிக் லைபாக்குடன் இணைந்து, 1980-களில், சோடியம் அயனியன்று, புரோட்டானே (ஹைட்ரஜன் அயனியே) இந்தக் கடத்தலுக்கு உந்துவிசை என்ற முடிவுக்கு வழிகோலினார். குடற்சுவரின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. அங்கே செறிந்துள்ள புரோட்டான் செல்லுக்குள் இறங்கும்போது பெப்டைடையும் உடன் இழுத்துச் செல்கிறது.

அதைச் செய்யும் புரதத்துக்கான மரபணுவை 1994-இல் பாஸ்டனில் மத்தியாஸ் ஹெடிகரின் குழு முயலின் குடலிலிருந்து பிரித்தெடுத்தது. குடற்செல்லின் ஆர்.என்.ஏ.வைத் தவளையின் முட்டைச் செல்லுக்குள் செலுத்தி, அம்முட்டை பெப்டைடை உள்ளிழுக்கத் தொடங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து வடிகட்டிய முறை அது. பெப்டி-1 எனப் பெயர் பெற்ற அப்புரதத்தின் மனித வடிவம் 708 அமினோ அமிலங்களால் ஆனது. இருபது வகை அமினோ அமிலங்களால் அமையக்கூடிய இரு பெப்டைடுகள் 400, முப்பெப்டைடுகள் 8000. இவற்றுள் பெரும்பாலானவற்றை அந்த ஒரே புரதம் ஏற்கிறது, நாற்பெப்டைடை ஏற்பதில்லை. நீளத்தில் இவ்வளவு கண்டிப்பும் உருவத்தில் இவ்வளவு தாராளமும் ஒரே மூலக்கூறில் கூடியிருப்பது வியப்புக்குரியது.

இந்தத் தாராளத்துக்கு எல்லை எங்கே என்பது உடலியலாளரால் மட்டும் விடை காண முடியாத கேள்வி. ஓர் அணுவை மட்டும் மாற்றிய பெப்டைடுகளை வரிசையாகச் செய்து தரக் கரிம வேதியியலர் வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த பாட்ரிக் பெய்லியின் ஆய்வு வாழ்க்கை இவ்விரு துறைகளிலும் கால் ஊன்றியது. டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தில் தொடங்கி, ராவுல்ஃபியா இனச் செடிகளில் காணப்படும் காரப்போலிகளை (ஆல்கலாய்டுகளை) சரியான முப்பரிமாண அமைப்போடு தொகுப்பது அவரது ஒரு பணி. மற்றொன்று, டேவிட் மெரிடித், ரிச்சர்ட் பாய்டு முதலான உடலியலாளரோடு சேர்ந்து, பெப்டி-1 ஒரு மூலக்கூறை எந்த அடையாளங்களால் இனங்காண்கிறது என்பதற்கு 2000-ஆம் ஆண்டில் ஒரு வார்ப்புரு வகுத்தது: ஒரு முனையில் நேர்மின்னேற்ற அமினோ தொகுதி, மறுமுனையில் கார்பாக்சில் தொகுதி, இடையே கார்பனும் ஆக்சிசனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த கார்பனைல், பக்கத்தில் நீர்வெறுக்கும் பகுதிக்கான பள்ளம். கார்பனைலின் ஆக்சிசனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்த தயோ இருபெப்டைடுகள் நொதிகளால் எளிதில் உடைபடாமல் கடத்தப்படுவதை அவர் குழு கருவியாகக் கொண்டது. அவற்றில் மருந்தைப் பிணைத்துக் குடல் வழியே உள்ளே அனுப்பலாம் என்பது நோக்கம்.

இது வெறும் ஆசையன்று என்பதற்கு நாம் விழுங்கும் மாத்திரைகளே சான்று. செஃபலெக்சின் போன்ற எதிருயிரிகள் இந்தப் புரதத்தின் வழியே உறிஞ்சப்படுகின்றன. அக்கிக்குத் தரப்படும் அசைக்ளோவிரை வாய்வழி உட்கொண்டால் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே இரத்தத்தை அடைகிறது. அதனுடன் வேலின் என்னும் அமினோ அமிலத்தைச் சேர்த்த வேலாசைக்ளோவிரில் அந்த அளவு ஏறத்தாழ 54 விழுக்காடாக உயர்கிறது. வேலாசைக்ளோவிரில் பெப்டைடுப் பிணைப்பே கிடையாது. ஆயினும் பெப்டி-1 அதை ஏற்கிறது.

இனி, தமிழில் எப்படி எழுதுவது? பெப்டைடுக்குப் புரதக்கூறு என்ற சொல் இணையத்தில் வழங்குகிறது. பொதுவாசகருக்கு அது உடனே பொருள் தரும் என்பதை மறுக்க இயலாது. எனினும் எனக்கு இரண்டு தடைகள் தோன்றுகின்றன. ஃபிஷர் செய்த பதினெட்டுக் கண்ணித் தொடர் எந்தப் புரதத்தின் கூறும் அன்று. தனி அமினோ அமிலமோ உண்மையில் புரதத்தின் கூறு, ஆனால் பெப்டைடு அன்று. அடுத்து, எண்ணுப்பெயர் சேரும்போது பொருள் பிசகுகிறது: 'இரு புரதக்கூறு' என்றால் இரண்டு துண்டுகள் என்றே எவரும் படிப்பர். தமிழாக்கம் வேண்டுமெனில் அமினோத்தொடர் என்பதை நான் முன்மொழிவேன். ஈரமினோத்தொடர், மூவமினோத்தொடர், பல்லமினோத்தொடர் என்று அது தடையின்றி விரியும். பாடநூல்களில் ஊன்றிவிட்ட பெப்டைடு என்ற ஒலிபெயர்ப்பையும் விலக்கத் தேவையில்லை. இரு பெப்டைடு, முப்பெப்டைடு என அதுவும் தமிழ் எண்ணுப்பெயரை ஏற்கிறது.

'டிரான்ஸ்போர்ட்' என்பதற்குத் தமிழ்நாட்டில் கடத்தல் என்றும் இலங்கையில் கொண்டுசெல்லல் என்றும் எழுதுகின்றனர். நாளிதழ்கள் குற்றச்செய்திகளுக்குப் பயன்படுத்துவதால் சிலர் கடத்தல் என்ற சொல்லை அறிவியலில் தவிர்க்க நினைக்கின்றனர். கட என்ற தன்வினையிலிருந்து பிறந்த பிறவினையே கடத்து. ஓர் எல்லையைக் கடக்கச் செய்தல் அதன் நேர்ப்பொருள். இரத்தத்தோடு ஒரு பொருள் ஓடுவதைக் கொண்டுசெல்லல் எனலாம். செல் சவ்வு என்னும் எல்லையைத் தாண்டச் செய்வதற்குக் கடத்தலே பொருத்தம். அதைச் செய்யும் புரதத்தைக் கடத்தி என்று மட்டும் எழுதினால் மின்கடத்தியின் நினைவு வருவதால் கடத்துபுரதம் என்பது தெளிவு. பெப்டி-1 இவ்வழக்கில் பெப்டைடுக் கடத்துபுரதம் ஆகும்; சிறுநீரகத்தில் மிகுந்து காணப்படும் அதன் உடன்பிறப்பான பெப்டி-2-க்கும் இதே பெயர் பொருந்தும்.