மாற்று: பொன்னுக்கும் நஞ்சுக்கும் ஒரே சொல்

பொன்னை உரைகல்லில் தேய்த்து, விழுந்த கோட்டின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் தரத்துக்கு 'மாற்று' என்று பெயர். பத்தரை மாற்றுத் தங்கம் அப்படி வந்ததுதான். ஒன்றின் இடத்துக்கு வரும் வேறொன்றும் மாற்றுதான்: மாற்றுத் துணி, மாற்று வழி. (பகைவனுக்கும் மாற்றான் என்றுதான் பெயர், அது தனிக் கதை.)

வேதிப்பொருள் சட்டங்களில் 'ஆல்டர்நேட்டிவ்ஸ் அசெஸ்மென்ட்' என்ற தொடர் அடிக்கடி வரும். கேடான பொருளை விலக்கும்போது, அதன் இடத்துக்கு வரப்போவது உண்மையிலேயே கேடு குறைந்ததா என்று பார்க்கும் வேலை அது. இதன் வேரான 'ஆல்டர்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'இரண்டில் மற்றது' என்று பொருள். மற்றது நல்லதா என்ற கேள்வி அதற்குள் இல்லை. நம் மாற்றில் அதுவும் இருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் கார் பட்டறைகள் சாட்சி. பிரேக் துடைக்கும் ஸ்பிரேயில் அழுக்கைக் கரைக்க இருந்த குளோரின் கரைப்பான்கள் மீது கட்டுப்பாடு வந்ததும், ஹெக்சேன், அசிட்டோன் என்ற வேறு இரண்டு கரைப்பான்கள் கலந்த ஸ்பிரேக்கள் சந்தைக்கு வந்தன. ஹெக்சேன் நரம்பைத் தாக்கும், அசிட்டோன் அந்தத் தாக்குதலுக்குத் துணைபோகும். 1999, 2000 வாக்கில் மெக்கானிக்குகள் சிலருக்குக் கை கால் மரத்துப்போனது தெரியவந்தது. இப்படிப்பட்டதை 'ரிக்ரெட்டபிள் சப்ஸ்டிடியூஷன்' என்கிறார்கள். 'வருந்தத்தக்க பதிலீடு' என்று இழுப்பானேன்? அதிலுள்ள 'பதில்' அரபு வழி வந்த சொல் வேறு. 'மாற்றுக் குறைந்த மாற்று' என்றால் போதும்.

2007 முதல் அமலில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ரீச்' என்ற வேதிப்பொருள் சட்டப்படி, அனுமதி தேவைப்படும் பொருளைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் நிறுவனம் மாற்றுகளை ஆராய்ந்து காட்ட வேண்டும். மாற்றினால் மொத்த இடர் குறையுமா, தொழில்நுட்பம் இடம் தருமா, செலவு கட்டுமா என்றெல்லாம் அதில் பார்க்கிறார்கள்.

சரி, 'ஆல்டர்நேட்டிவ்ஸ் அசெஸ்மென்ட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'மாற்று மதிப்பீடு' என்றால் 'வேறொரு மதிப்பீடு' என்று படிக்கத் தோன்றும். 'மாற்றுரை'யோ மறுப்புப் பேச்சு மாதிரி இருக்கிறது. 'மாற்றுப்பொருள் மதிப்பீடு' தெளிவானதுதான், ஆனால் மாற்று எப்போதும் ஒரு பொருளாகவே இருக்காது. கடை ரசீதுத் தாளில் எழுத்து தெரிவதற்காகச் சேர்க்கும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியில் கட்டுப்படுத்தியது. பலர் அதே குடும்பத்துப் பொருளான பிஸ்பீனால் எஸ்-க்குத் தாவினார்கள். ரசீதை அச்சடிக்காமல் போனுக்கு அனுப்புவதும் ஒரு மாற்றுதானே? அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதால் என் ஓட்டு 'மாற்றுகளை மதிப்பிடல்' என்பதற்கே. பேச்சில் 'மாற்று உரைத்துப் பார்த்தல்' என்றாலும் தப்பில்லை.