கிராஃப்ட் என்றால் ஒட்டு

சிறுநீரக மாற்றுப் பிரிவிலும் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவிலும் நாள் முழுக்கக் காதில் விழும் சொல் கிராஃப்ட். ‘கிராஃப்ட் நன்றாக வேலை செய்கிறது’, ‘கிராஃப்ட் இன்னும் எடுக்கவில்லை’ என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மருத்துவர்களும் செவிலியர்களும், நோயாளியின் வீட்டாரிடம் தமிழில் சொல்ல வரும்போது ‘மாற்று உறுப்பு’ என்று போட்டுக் கடந்துவிடுகிறார்கள். ஒப்புதல் படிவங்களிலும் இதே கதைதான். பல இடங்களில் அது பொருந்துவதில்லை. சில இடங்களில் தவறான பொருளையே தருகிறது. இதற்குத் தமிழில் பழகிய, தெளிவான சொல் ஒன்று இருக்கிறது: ஒட்டு.

கிராஃப்டும் முதலில் தோட்டத்துச் சொல்தான். கிரேக்கத்தில் ‘கிராஃபெய்ன்’ என்றால் எழுதுவது. எழுத்தாணிக்கு ‘கிராஃபெயோன்’ என்று பெயர். லத்தீனில் அது ‘கிராஃபியும்’ ஆனது. பழைய பிரெஞ்சுக்கு வந்த பிறகு, இன்னொரு மரத்தில் செருகுவதற்காக நுனி சீவிய குச்சிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது, பார்க்க எழுத்தாணி மாதிரி இருந்ததால். ஆங்கிலத்தில் முதலில் ‘கிராஃப்’ என்றே இருந்தது. கடைசி ‘ட்’ பின்னால் சேர்ந்தது. பிரெஞ்சில் இன்றும் நீதிமன்றப் பதிவகத்துக்கும் ‘கிரெஃப்’ என்றுதான் பெயர், உறுப்பு மாற்றுக்கும் ‘கிரெஃப்’ என்றுதான் பெயர். 1869ல் ஜாக் லூயி ரெவெர்தன் பாரிஸில் சிறுசிறு தோல் துண்டுகளைப் புண்ணின் மேல் வைத்து வளரவைத்தபோது, தோட்டக்காரர்களின் இந்தச் சொல்லையே எடுத்தாண்டார்.

தமிழும் அதே தோட்டத்தில்தான் நிற்கிறது. ஒட்டுக் கட்டுவது, ஒட்டுக்கன்று, ஒட்டு பிடித்தது, ஒட்டு பிடிக்கவில்லை. புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க ‘மாற்று’ ஏன் வந்தது? உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை என்பது செயலின் பெயர். செயலைக் குறிக்க ‘மாற்று’ சரிதான். ஆனால் கிராஃப்ட் என்பது செயல் இல்லை, உள்ளே வைக்கப்படும் உயிருள்ள திசு. அது உறுப்பாக இருக்கலாம், தோலாக இருக்கலாம், எலும்புத் துண்டாக இருக்கலாம், ஒரு பை நிறைய அணுக்களாகவும் இருக்கலாம். இதய பைபாஸில் காலிலிருந்து எடுத்து வைக்கும் சிரையும் கிராஃப்ட்தான். அதைப் போய் மாற்று உறுப்பு என்றால், ‘உடம்பு இதை ஏற்றுக்கொள்ளுமா டாக்டர்?’ என்று நோயாளி பயப்படத்தான் செய்வார். அவருடைய சொந்தச் சிரைக்கு அந்தப் பயம் தேவையே இல்லை.

இந்தக் குழப்பம் புற்றுநோய்ப் பிரிவில் இன்னும் கனமானது. மைலோமா என்ற மஜ்ஜைப் புற்று வந்த நோயாளிக்கு அவருடைய குருத்தணுக்களையே (ஸ்டெம் செல்) முன்கூட்டி எடுத்து உறையவைத்து, மெல்ஃபலான் மருந்தை உயர் அளவில் கொடுத்துவிட்டு, திரும்ப அவருக்கே ஏற்றுகிறார்கள். புற்றைக் கொல்வது மருந்து. அந்த மருந்தால் அழிந்த மஜ்ஜையை மீட்டுத் தருவதுதான் அணுக்களின் வேலை. இங்கே எதுவும் எதற்கும் மாற்றாக வரவில்லை. ‘ஸ்டெம் செல் மாற்று’ என்று கேட்ட வீட்டார் யார் கொடையாளி, ரத்தம் பொருந்துமா என்று விசாரிப்பது இயல்பு. ‘தன்னொட்டு’ (ஆங்கிலத்தில் ‘ஆட்டோகிராஃப்ட்’) என்றால் அந்தக் கேள்வியே எழாது. லுகீமியா என்ற ரத்தப் புற்றுக்குச் செய்வதோ பெரும்பாலும் ‘பிறரொட்டு’ (‘அல்லோகிராஃப்ட்’). அதில் கொடையாளியின் அணுக்களே சிகிச்சையின் பெரும்பகுதி.

உறைந்த பையை 37 டிகிரி வெந்நீரில் வைத்து உருக்கி, மத்தியச் சிரைக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். அணுக்களைக் காக்கச் சேர்த்த டைமெத்தில் சல்ஃபாக்சைடின் பூண்டு வாசனை அறை முழுக்க ஒன்றிரண்டு நாள் நிற்கும். அது நாள் பூஜ்யம். அப்புறம் தினமும் காலையில் ரத்த எண்ணிக்கைக்காகக் காத்திருப்பு. நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500ஐத் தொட்டு, தொடர்ந்து மூன்று நாள் கீழே இறங்காமல் இருந்தால், அந்த முதல் நாளைத்தான் ‘என்கிராஃப்ட்மென்ட்’ நாள் என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். தன்னொட்டில் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். அன்றைக்கு வீட்டாரிடம் ‘ஒட்டு பிடித்துவிட்டது’ என்று சொல்லிப் பாருங்கள், அதற்கு மேல் விளக்கமே வேண்டாம். அணுக்கள் சிரை வழியாகப் போகின்றன, எங்கே ஒட்டுகின்றன என்று சிலர் மறுக்கலாம். அவை ரத்தத்தில் சுற்றி, மஜ்ஜையைத் தேடிப்போய் அங்கே தங்கிப் பெருகுகின்றன. ‘பிடிப்பது’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பிறரொட்டு முழுதாகப் பிடித்தால் நோயாளியின் ரத்த வகையே கொடையாளியுடையதாக மாறிவிடுகிறது.

சரி, பிடிக்காவிட்டால்? 1943ல் தாமஸ் கிப்சனும் பீட்டர் மெடாவரும், தீக்காயம் பட்ட ஒருவருக்கு வைத்த சகோதரரின் தோல் அழிவதைக் கவனித்தார்கள். இரண்டாம் முறை வைத்த தோல் இன்னும் வேகமாக அழிந்தது. உடம்பு முதல் முறையை நினைவில் வைத்திருந்தது. அதாவது இது நோயெதிர்ப்பின் வேலை. இதை ‘நிராகரிப்பு’ என்கிறோம். பழகிவிட்ட சொல், பொருளும் சரி, அப்படியே இருக்கட்டும். 1954ல் பாஸ்டனில் ஜோசப் மர்ரி ஒரே கரு இரட்டையருக்கிடையே சிறுநீரகத்தை மாற்றி வைத்தபோது நிராகரிப்பு வரவில்லை. மஜ்ஜை மாற்றுக்கு வழி திறந்தவர் டோனல் தாமஸ். 1990ல் மருத்துவ நோபல் பரிசை இவர்கள் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

மஜ்ஜையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. அங்கே ஒட்டே ஒரு நோயெதிர்ப்பு மண்டலம். வந்து சேர்ந்தது, இடம் கொடுத்த உடம்பைத் தாக்கலாம். ஆங்கிலத்தில் இதை ‘கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட்’ நோய் என்கிறார்கள். ‘ஹோஸ்ட்’ என்பதை ‘விருந்தோம்பி’ என்று மொழிபெயர்ப்பது எனக்கு உவப்பில்லை; படிவத்தில் அதைப் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘ஒட்டு ஏற்பவரைத் தாக்கும் நோய்’ என்றால் யாரிடமிருந்து யாருக்கு என்பது சொல்லிலேயே இருக்கிறது. கூடவே ஒரு வரி சேர்த்துவிடலாம்: கொடையாளியின் அணுக்கள் உங்கள் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கக்கூடும், புதிதாகத் தடிப்போ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே சொல்லுங்கள்.

இதே தாக்குதலுக்கு நல்ல முகமும் உண்டு. லுகீமியாவில் ஒரே கரு இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களுக்கு, மற்ற உடன்பிறந்தோரிடம் பெற்றவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்பியது. முழுக்கப் பொருந்திய ஒட்டு மீந்திருந்த புற்றணுக்களை வேற்றாளாகப் பார்க்கவில்லை. 1990ல் ஜெர்மன் மருத்துவர் கோல்ப் குழுவினர், மாற்றுக்குப் பிறகு நாள்பட்ட மைலாய்டு லுகீமியா திரும்பியவர்களுக்குக் கொடையாளியின் வெள்ளணுக்களை ஏற்றி நோயை அடக்கிக் காட்டினார்கள். இதை ‘ஒட்டின் புற்றெதிர் விளைவு’ எனலாம். ‘மாற்று உறுப்பின் விளைவு’ என்று எழுதினால் இந்த அறிவியல் முழுவதும் காணாமல் போய்விடும்.

சிறுநீரகம், கல்லீரல் போன்ற திட உறுப்புகளில் நிலைமை தலைகீழ். ஒட்டைக் காக்கக் கொடுக்கும் நோயெதிர்ப்பு அடக்கிகள் புற்றுநோய் அபாயத்தை மொத்தத்தில் ஏறத்தாழ இரு மடங்காக்குகின்றன. தோல் புற்றில் இன்னும் பல மடங்கு. வந்த புற்றுக்கு, நோயெதிர்ப்பின் கடிவாளத்தை அவிழ்த்துவிடும் ‘செக்பாயின்ட்’ தடுப்பு மருந்து கொடுத்தால், விழித்துக்கொண்ட டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் ஒட்டின் மேலும் பாயும். திரட்டிய பதிவுகளில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு நிராகரிப்பு நேர்ந்திருக்கிறது. சிறுநீரக மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இது. இன்னொரு பக்கம், 2024ல் வெளியான டிரான்ஸ்மெட் ஆய்வில், பெருங்குடல் புற்று கல்லீரலுக்கு மட்டும் பரவி அறுத்தெடுக்க முடியாத நிலையில், கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குக் கீமோவோடு கல்லீரல் மாற்றும் செய்தபோது ஐந்தாண்டு உயிர்வாழ்வு 57 சதவீதம்; கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 13 சதவீதம்.

முன்னொட்டுகளில் இன்னும் ஒன்று பாக்கி. ‘சீனோஸ்’ என்றால் கிரேக்கத்தில் அந்நியர். ‘சீனோகிராஃப்ட்’ என்பதற்கு ‘வேற்றின ஒட்டு’ பொருந்தும். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாண்டில் மனிதருக்கு வைத்த, மரபணு திருத்திய பன்றி இதயம் அப்படிப்பட்டது. பெற்றவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். புற்றுநோய் ஆய்வகத்திலோ அதே சொல்லுக்குத் திசை மாறிவிடுகிறது: நோயாளியின் கட்டித் துண்டை, நோயெதிர்ப்பு இல்லாத எலியில் வளர்த்து மருந்து சோதிப்பது. இரண்டையும் ‘வேற்றின ஒட்டு’ என்றே எழுதலாம். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் ‘எலியில் வளர்த்த நோயாளிக் கட்டி’ என்று ஓரிடத்திலாவது விரித்துச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் படிப்பவர் பன்றி இதயத்தை நினைத்துக்கொள்வார்.