அடம்பிடிக்கும் குழந்தைக்குள் என்ன நடக்கிறது?

அடம்பிடித்து அழும் குழந்தைக்குள் கோபமும் வருத்தமும் கலந்தே ஓடுகின்றன. இரண்டின் வேகம்தான் வேறு. அமெரிக்க ஆய்வாளர்கள் மைக்கேல் பொட்டேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் ஒன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ள 335 குழந்தைகளின் பெற்றோரிடம் விவரம் கேட்டு, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கத்துவது, உதைப்பது, தரையில் விழுவது எல்லாம் கோபம். தொடக்கத்திலேயே உச்சிக்கு ஏறி, மளமளவென்று இறங்கிவிடும். சிணுங்கலும் அழுகையும் மடி தேடுவதும் வருத்தம். அது கடைசிவரை கூடவே வரும். நான்கில் மூன்று அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது "என்ன வேணும், ஏன் கத்துற?" என்று அடுக்கடுக்காகக் கேட்டால் அடம் நீளும். அந்த நேரத்தில் விளக்கம் எதுவும் காதில் ஏறாது. அடுப்பு, படிக்கட்டு, சாலை பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு அருகிலேயே பேசாமல் இருங்கள். கத்தல் சிணுங்கலாக மாறியதும் தூக்கி அணைத்துக்கொள்ளலாம். அணைப்பு வேலை செய்யும் நேரம் அதுதான்.

கேட்ட பொருளை மட்டும் கொடுக்கக்கூடாது. பத்து நிமிடம் அழுதபின் கொடுத்தால், பத்து நிமிடம் அழவேண்டும் என்றுதான் குழந்தை கற்றுக்கொள்கிறது. ஒருநாள் கொடுத்து ஒருநாள் மறுப்பது இன்னும் மோசம். அந்தப் பழக்கம் லேசில் போகாது. கொடுப்பதை நிறுத்திய புதிதில் அடம் முன்பைவிடக் கூடலாம். பெரும்பாலான வீடுகளில் உறுதி குலைவது இந்தக் கட்டத்தில்தான். தாத்தா பாட்டி உட்பட எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் தாண்டிவிடலாம். பல் தேய்க்க, குளிக்க மறுத்து அடம்பிடித்தால் கதை வேறு. அங்கே விட்டுவிடுவதே பரிசாகிவிடும். கையைப் பிடித்து மெதுவாகச் செய்யவைக்க வேண்டும்.

பசியும் தூக்கக் கலக்கமும் அடத்தை எளிதில் கிளப்பிவிடும். கடைத்தெருவுக்குக் கிளம்புமுன் சாப்பாடு கொடுத்துவிடுவது பாதி வேலையை முடித்துவிடும்.

மூன்று வயதுக்கு மேலும் அடம் வழக்கமாக 25 நிமிடத்தைத் தாண்டினாலோ, குழந்தை தன்னையே கடித்து, தலையை மோதிக் காயப்படுத்திக்கொண்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சில குழந்தைகள் அழுதபடியே மூச்சடைத்து, உதடு நீலம்பாரித்து, சில விநாடி மயங்கிவிடும். அப்போது உலுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானே திரும்பும். திரும்பாவிட்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். முதல்முறை வந்தாலே மருத்துவரைப் பார்ப்பது அவசியம். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதால், ஹீமோகுளோபினோடு, உடலில் சேமிப்பாக உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கலாமா என்று அவரிடம் கேளுங்கள்.