மெர்ஜர் ஆர்பிட்ரேஜ்: ‘ஆபத்தில்லா ஆதாயம்’ அல்ல

ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கப்போவதாக அறிவித்த பின், அதன் பங்கைப் பேசிய விலைக்குக் கீழே வாங்கி, இணைப்பு முடியும்போது அந்த வித்தியாசத்தைப் பெறப் பார்ப்பதுதான் மெர்ஜர் ஆர்பிட்ரேஜ். அதைத் தமிழில் ‘ஆபத்தில்லா இணைப்பு ஆதாயம்’ என்று எழுதியிருப்பதை மறுபடியும் பார்த்தேன். தவறு, அதுவும் நம்பிப் படிப்பவரின் பணத்தைக் கரைக்கக்கூடிய தவறு.

ஆர்பிட்ரேஜ் என்ற சொல்லின் வேர் எளிது. லத்தீனில் ஆர்பிட்டர் என்றால் நடுவர். அதிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல், 18ஆம் நூற்றாண்டு வாக்கில், பல ஊர் நாணய மாற்று விகிதங்களை ஒப்பிட்டு லாபமான வழியைத் தேர்வதைக் குறித்தது. இதை வைத்து ‘நடுவர் தீர்ப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. அது ஆர்பிட்ரேஷன், வழக்கு சமாச்சாரம். படித்தவுடனே தப்பு என்று தெரிந்துவிடும்.

‘ஆபத்தில்லா ஆதாயம்’ அப்படியில்லை, நம்பவைத்துவிடும். ஒரே பொருளை ஒரு சந்தையில் வாங்கி அதே நொடியில் இன்னொன்றில் கூடுதல் விலைக்கு விற்பதுதான் பாடப்புத்தக ஆர்பிட்ரேஜ், அங்கே இந்தப் பெயர் ஓரளவு பொருந்தும். ஆனால் விலைபேசப்பட்ட நிறுவனத்தின் பங்கை வாங்குபவருக்கு வாங்கியது மட்டும்தான் நிச்சயம். 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், வீடியோ கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்டைப் பங்குக்கு 95 டாலர் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. அன்று ஆக்டிவிஷன் பங்கு சந்தையில் 82 டாலர் அளவில்தான் முடிந்தது. அந்த 13 டாலர் சும்மா கிடந்த காசு இல்லை, அரசுகள் விடுமா, எப்போது விடும் என்ற சந்தேகத்துக்குச் சந்தை போட்ட விலை. இணைப்பு 2023 அக்டோபரில்தான் முடிந்தது. சரி, அங்கே பொறுத்தவருக்குக் கிடைத்தது. 2024 ஜனவரியில் ஜெட்புளூ–ஸ்பிரிட் விமான நிறுவனங்களின் இணைப்பை அமெரிக்க நீதிமன்றம் தடுத்தபோது ஸ்பிரிட் பங்கு ஒரே நாளில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இதில் எங்கே ‘ஆபத்தில்லா’? இந்தத் தொழிலில் இருப்பவர்களே இதை ரிஸ்க் ஆர்பிட்ரேஜ் என்றும் அழைக்கிறார்கள். அதை எப்படித் தமிழாக்குவது, ‘ஆபத்துள்ள ஆபத்தில்லா ஆதாயம்’ என்றா?

‘ஆதாயம்’ என்ற சொல்லும் உறுத்துகிறது. செய்வது வணிகம், ஆதாயமோ நட்டமோ அப்புறம் வருவது. நிதிச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள் வரையறையின் முதல் வரியைச் சுருக்கிப் பெயராக்கிவிடுகிறார்கள், அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்பதே இல்லை.

ஆர்பிட்ரேஜுக்கு என் தேர்வு ‘விலை இடைவெளி வணிகம்’; மெர்ஜர் ஆர்பிட்ரேஜ் என்றால் அதன் முன்னால் ‘இணைப்பு’ சேர்த்தால் போதும். நாணயத்துக்கும் தங்கத்துக்கும் இதே சொல் பொருந்தும். பணத்துக்குப் பதில் பங்குக்குப் பங்கு தரும் இணைப்புகளில், இலக்கு நிறுவனத்தின் பங்கை வாங்கிக்கொண்டே, வாங்கும் நிறுவனத்தின் பங்கைக் கடன் வாங்கி விற்பார்கள். அங்கேயும் அவர்கள் கண் இரண்டு விலைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேல்தான்.