சிறிய காரும் டிரெய்லரும்: குண்டின் மேல் இறங்கும் 50 கிலோ

கார்களுக்கு ஹிட்ச் (டிரெய்லரைப் பூட்டுவதற்காகக் காரின் பின்னால் வைக்கும் இழுவைச் சட்டம்) பொருத்துவதும், டிரெய்லர்களின் அச்சு, பேரிங், விளக்கு இணைப்புகளைச் சரிபார்ப்பதும் என் தொழிலின் பெரும்பகுதி. சிறிய ஹேட்ச்பேக் கார் வைத்திருப்பவர்கள் டிரெய்லர் ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ என்னிடம் வரும்போது, பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள்: "இந்த வண்டி இழுக்குமா, சார்?" இழுக்கும் என்பதுதான் பதில்; ஆனால் அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. 1,000 கிலோ எடையுள்ள கார், சமதளத்தில் தன் எடைக்கு ஈடான டிரெய்லரைக்கூட முதல் கியரில் நகர்த்திவிடும். ஆகவே நான் திருப்பிக் கேட்பது, ஹிட்சின் நுனியில் உள்ள உருண்டையான குண்டின் மேல் எத்தனை கிலோ இறங்கப்போகிறது என்பதைத்தான். அதற்கு உடனே பதில் சொன்னவர்கள் மிகச் சிலரே.

டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் தண்டை இங்கே ஏர்க்கால் என்று குறிப்பிடுகிறேன். அதன் நுனியில் உள்ள கவ்வி, காரின் பின்னால் உள்ள குண்டின் மேல் அமர்ந்து கீழ்நோக்கி அழுத்தும் எடைக்கு முன்பாரம் என்ற பழைய வண்டிச் சொல்லே போதும். ஓர் அச்சு மட்டுமே கொண்ட டிரெய்லரில், சரக்கு அச்சுக்கு முன்னால் அதிகமாக இருந்தால் முன்பாரம் கூடும். பின்னால் தள்ளிப்போகப் போக அது குறைந்து, ஒரு கட்டத்தில் ஏர்க்கால் குண்டை மேல்நோக்கித் தூக்க முயலும். அது பின்பாரம். டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழக்கம். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்கிறார்கள். இந்த வேறுபாட்டுக்கு வேகமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவான வரம்பு மணிக்கு 80 கி.மீ.; அமெரிக்காவின் பல மாநிலங்களில் டிரெய்லருக்கெனத் தனி வரம்பே இல்லை. ஒரே மாடல் காருக்கு ஒரு நாட்டுக் கையேட்டில் 450 கிலோ இழுக்கலாம் என்றும், இன்னொரு நாட்டுக் கையேட்டில் டிரெய்லரே பூட்டக் கூடாது என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கும் இதுவே விளக்கத்தின் ஒரு பகுதி. உங்கள் காருக்கு, அது விற்கப்பட்ட நாட்டின் கையேடு மட்டுமே செல்லும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி, வீடு மாறும்போது பயன்படுத்திய டிரெய்லரோடு நேராக என்னிடம் வந்தார். மணிக்கு 70 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் காரின் பின்பகுதியை யாரோ பிடித்து இடமும் வலமுமாக அசைப்பதுபோல் இருந்தது என்றார். டிரெய்லரின் கடைக்கோடியில், பின்கதவை ஒட்டி, ஒரு வாஷிங் மெஷின் நின்றது. முன்பகுதியில் தலையணைகளும் துணிப்பொதிகளும் இருந்தன. கவ்வியைத் திறந்து ஏர்க்காலை இரண்டு விரல்களால் தூக்கினேன், எழுந்து வந்தது. "தூக்குவதற்கு இலகுவாக இருக்கிறதே, காருக்குச் சிரமம் குறையும் என்றுதான் அப்படி ஏற்றினோம்" என்றார் அவர். அவருடைய எண்ணத்தில் ஒரு தர்க்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிரே வரும் ஆபத்து மட்டும் அந்தத் தர்க்கத்துக்குள் அடங்கவில்லை. வாஷிங் மெஷினை அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்திக் கட்டிய பின் அதே டிரெய்லர், அதே காரின் பின்னால் சலனமில்லாமல் போனது.

குண்டில் பூட்டிய டிரெய்லர், படுக்கைவாட்டில் ஆடும் ஓர் ஊசல். காற்று, சாலைப் பள்ளம், ஸ்டீயரிங்கின் சிறு திருப்பம் என எது தட்டினாலும் அது ஆடத்தான் செய்யும். குறைந்த வேகத்தில் டயர்களின் பக்கவாட்டுப் பிடிமானம் அந்த ஆட்டத்தை விரைவில் அடக்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்கும் தன்மை குறைந்துகொண்டே வந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல், தொடங்கிய ஆட்டம் தானாகவே பெருகும். அந்த எல்லை வேகம் எவ்வளவு என்பதைப் பல காரணங்கள் தீர்மானிக்கின்றன: முன்பாரம், ஏர்க்காலின் நீளம், கனமான பொருள்கள் அச்சின் அருகே குவிந்திருக்கின்றனவா அல்லது இரு கோடிகளிலும் பிரிந்திருக்கின்றனவா, காரைவிட டிரெய்லர் எவ்வளவு இலகு என்பன அவற்றுள் முதன்மையானவை. கனமான பெரிய கார், டிரெய்லர் தரும் உதையைத் தன் எடையாலும் நீண்ட உடலாலும் தாங்கிக்கொள்ளும். சிறிய காருக்கு அந்த வசதி இல்லை. பின்சக்கரங்கள் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் காரும் டிரெய்லரும் சேர்ந்தே குடை சாயக்கூடும்.

அப்படியானால் முன்பாரத்தை ஏராளமாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிறிய காரின் இரண்டாவது சிக்கல் இருக்கிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள காரில், குண்டு பின்னச்சுக்கு 90 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று கொள்வோம். குண்டின் மேல் 50 கிலோ இறங்கினால், நெம்புகோல் கணக்கின்படி முன்சக்கரங்களிலிருந்து 18 கிலோ கழிந்து, பின்சக்கரங்களில் 68 கிலோ ஏறும். சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இயங்குபவை. இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு ஆகிய மூன்றையும் செய்யும் சக்கரங்கள் எடை இழக்கின்றன. பின் இருக்கையில் இருவரும் டிக்கியில் பெட்டிகளும் இருந்தால் பின்னச்சு ஏற்கெனவே தன் வரம்பை நெருங்கியிருக்கும். முகப்பு விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் அளவுக்கு மேல்நோக்கும். பல சிறிய கார்களுக்குக் குண்டின் மேல் அனுமதிக்கப்பட்ட எடை 50 கிலோ அளவிலோ அதற்குச் சற்று மேலோதான் இருக்கும். 450 கிலோ டிரெய்லரில் 10 சதவீதம் என்பது 45 கிலோ. 600 கிலோ டிரெய்லரில் அதே 10 சதவீதம் 60 கிலோவாகி வரம்பைத் தாண்டிவிடும். குறைந்தால் ஆட்டம், கூடினால் முன்சக்கரங்களின் பிடிமான இழப்பு. இடையே உள்ள இடம் சில கிலோக்கள்தாம்.

இதை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. டிரெய்லரைச் சமதளத்தில், சரக்கு முழுவதும் ஏற்றிய நிலையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியின் மேல் ஒரு கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, அந்தக் கட்டையின் மேல் கவ்வியை இறக்கினால் எண் தெரிந்துவிடும். காரில் பூட்டும்போது கவ்வி எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் கட்டை முடிய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. உயரம் மாறினால் எண்ணும் மாறும். பூட்டிய பின் டிரெய்லரின் பக்கச் சட்டத்தில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, அது கிடைமட்டமாகவோ, முன்பகுதி மயிரிழை தாழ்ந்தோ இருந்தால் போதும்.

மொத்த எடையைக் கண்ணால் மதிப்பிடுவது அதைவிட ஆபத்தான பழக்கம். ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள சிறிய பெட்டி டிரெய்லரின் கொள்ளளவு 0.6 கன மீட்டர். உலர்ந்த மணல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,600 கிலோ. ஆக, விளிம்பு வரை நிரப்பினால் சரக்கு மட்டும் 960 கிலோ. டிரெய்லரின் வெற்று எடை 150 கிலோவையும் சேர்த்தால், இழுக்கும் காரைவிட இழுக்கப்படுவது கனமாகிவிடும். கிளட்ச் எரிந்த வாடையோடு என்னிடம் வந்த ஒருவர், "பெட்டி கொள்ளும் அளவுக்குத்தானே போட்டேன்" என்றார். பெட்டி கொள்ளும், கார் கொள்ளாது. அந்தப் பெட்டியில் 300 கிலோ மணல் என்பது 12 செ.மீ. ஆழத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மணல் நனைந்திருந்தால் அதைவிடவும் குறைவு.

எந்த எண்ணை வரம்பாகக் கொள்வது என்பதிலும் தவறு நேர்கிறது. ஐரோப்பிய முறைப்படி தயாரான கார்களின் அடையாளத் தகட்டில் நான்கு எடைகள் வரிசையாக இருக்கும்: காரின் அதிகபட்ச மொத்த எடை, காரும் டிரெய்லரும் சேர்ந்த அதிகபட்ச எடை, முன்னச்சின் வரம்பு, பின்னச்சின் வரம்பு. முதல் எண் 1,500, இரண்டாவது எண் 2,000 என்றால், கார் முழுச் சுமையோடு இருக்கும்போது டிரெய்லருக்கு மிஞ்சுவது 500 கிலோ. கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லருக்கும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கும் தனித்தனி எண்கள் தரப்பட்டிருக்கும். சிறிய டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் இல்லை என்பதால் பிரேக் இல்லாத டிரெய்லருக்கான எண்ணே உங்களுக்குரியது. ஹிட்ச் சட்டத்தின் மேல் 900 கிலோ என்று பொறித்திருப்பது அந்தச் சட்டத்தின் வலிமையை மட்டுமே சொல்கிறது. கார், ஹிட்ச், குண்டு, கவ்வி, டிரெய்லரின் அச்சு, அதன் டயர்கள் ஆகியவற்றுள் எதன் எண் மிகக் குறைவோ, அதுவே மொத்தத்துக்கும் வரம்பு.

பிரேக் இல்லாத டிரெய்லரைக் காரின் பிரேக்கும் டயர்களும் சேர்த்தே நிறுத்தியாக வேண்டும். ஓட்டுநரோடு 1,200 கிலோ உள்ள கார், மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து 30 மீட்டரில் நிற்கிறது என்று கொண்டால், பின்னால் 450 கிலோ சேர்ந்ததும் அதே பிரேக் விசைக்கு ஏறத்தாழ 41 மீட்டர் ஆகும். பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை காரின் வெற்று எடையில் பாதியையும் தாண்டக் கூடாது, 750 கிலோவையும் தாண்டக் கூடாது என்று பிரிட்டனில் விதி வைத்திருப்பது இதனால்தான். இறக்கத்தில் டிரெய்லர் காரை முன்னால் தள்ளும். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்வது நல்லது, பாதி வழியில் பிரேக் சூடேறிய பிறகு அல்ல.

குண்டின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் கண்டவற்றுள் மிகக் கண்ணுக்குத் தெரியாத பிழை அது. ஐரோப்பா உள்ளிட்ட பல இடங்களில் குண்டின் விட்டம் 50 மி.மீ.; அமெரிக்க அளவில் 1⅞ அங்குலக் குண்டு 47.6 மி.மீ., 2 அங்குலக் குண்டு 50.8 மி.மீ. 50 மி.மீ. கவ்வியை 47.6 மி.மீ. குண்டின் மேல் வைத்தால் அழகாக அமரும், நெம்புகோல் பூட்டும் விழும், பூட்டு ஊசியையும் செருகலாம். சாலையில் ஒரு பெரிய குழியில் எகிறும்போது கவ்வி கழன்று வந்துவிடும். பூட்டிய பின் ஏர்க்காலைப் பிடித்துக் காரின் பின்பகுதி சற்று எழும் அளவுக்கு மேலே தூக்கிப் பாருங்கள். குண்டை விட்டுக் கவ்வி அசையக் கூடாது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் ஏர்க்காலுக்குக் கீழே குறுக்காகப் போக வேண்டும். கவ்வி கழன்றாலும் ஏர்க்காலின் நுனி சாலையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலிகளின் மேல் தங்கும்.

கிளட்சும் கியர்பாக்ஸும் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்தபடி வண்டியைத் தாங்கி நிற்பதும், மேட்டில் பின்னோக்கி ஏற்றுவதும் சாதாரண கிளட்சையும் உலர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸையும் விரைவில் தின்றுவிடும் என்பதை மட்டும் இங்கே குறிக்கிறேன். விளக்கு இணைப்புக்கு, காரின் பின்விளக்கு ஒயரைச் சீவி முறுக்கிவிடுவது பழைய கார்களில் செல்லும். விளக்குகளை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இயக்கும் இன்றைய கார்களில், பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் தனி ரிலே பெட்டி இல்லாமல் டிரெய்லர் விளக்குகளைச் சேர்த்தால், அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியே பழுதாகலாம்.

சிறிய டிரெய்லர்களின் சக்கரங்களும் சிறியவை. 8 அங்குல ரிம் உள்ள சக்கரம், டயரோடு சேர்த்து ஏறத்தாழ 41 செ.மீ. விட்டம், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 1,000 தடவைக்கு மேல் சுழலும், காரின் சக்கரமோ 700 தடவை அளவில்தான். ஆண்டில் பத்து நாள் ஓடி, மற்ற நாளெல்லாம் மழையிலும் வெயிலிலும் நிற்கும் டிரெய்லரில் கிரீஸ் காய்ந்து, நீர் புகுந்து, பேரிங் துருப்பிடித்திருக்கும். புறப்பட்ட 20 கி.மீ. தூரத்துக்குள் ஒருமுறை நிறுத்தி, இரு சக்கரங்களின் மையப்பகுதியான ஹப்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கையை வைக்க முடியாதபடி சுட்டால் அந்தப் பயணத்தை அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால், வேகத்தைக் கூட்டி டிரெய்லரை நேராக்கலாம் என்ற பழைய ஆலோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். எல்லை வேகத்தைத் தாண்டியதால் பெருகும் ஆட்டத்துக்கு அது இன்னும் வேகம் ஊட்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, எதிர்த்துத் திருப்பாமல், வண்டி தானே வேகம் இழக்க விடுங்கள். பெரிய லாரி கடந்து போகும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும், அப்போதும் இதேதான். ஆட்டம் அடங்கிய பின் ஓரமாக நிறுத்திச் சரக்கை முன்னோக்கி மாற்றிக் கட்டாமல் பயணத்தைத் தொடர வேண்டாம்.

பின்னோக்கி எடுப்பதில் சிறிய டிரெய்லர் பெரியதைவிடத் தொல்லையானது. ஏர்க்கால் குட்டையாக இருப்பதால் கண் இமைப்பதற்குள் மடிந்துகொள்ளும். காலியாக இருந்தால் காரின் பின்கண்ணாடி வழியாகத் தெரியவும் தெரியாது. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்து, டிரெய்லரின் பின்பகுதி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை மெல்ல நகர்த்தினால் குழப்பம் குறையும். மடியத் தொடங்கினால் முன்னால் எடுத்து நேராக்கி மீண்டும் தொடங்குங்கள். வெற்று டிரெய்லர் 150 கிலோதான் என்பதையும் நினைவில் கொள்ளலாம். என் பட்டறையின் குறுகிய வாசலில் நான் பெரும்பாலான நாள்களில் காரை விட்டுக் கழற்றி, ஏர்க்காலைப் பிடித்துக் கையால் தள்ளித்தான் உள்ளே நிறுத்துகிறேன்.